மொட்டை மாடியில் மர்மக் கம்பி வளையம்! போலீஸ் வந்து போனது. பிடிபட்டது ஒரு தீப்பொறி!

சென்னை, ஜன.-

"சார், எங்க தெருவுல ஒருத்தர் மாடியில வயர்லெஸ் வெச்சிருக்கார். ராத்திரி ரெண்டு மணிக்குச் சதுரமா ஒரு கம்பியைத் திருப்பித் திருப்பி வெச்சு எதையோ பாக்குறார். போலீஸ் வந்துச்சு, போயிடுச்சு. ஆளை ஒண்ணும் பண்ணலை. என்னான்னு நீங்களாவது விசாரிங்க!"

2025 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு ராத்திரி நம் அலுவலகத்துக்கு வந்த போன் இது. பேர் என்ன என்று கேட்பதற்குள் 'டக்'கென்று வைத்துவிட்டார் அந்தப் புண்ணியவான்.

கொலை, கொள்ளை, குழாயில் சாக்கடைத் தண்ணீர்... இதுதான் என் பீட். மர்ம வயர்லெஸ் என்றால் விடுவேனா? மறுநாள் சாயங்காலமே கிளம்பிவிட்டேன்.

வட சென்னையில் தண்ணி லாரி நுழைந்தால் சைக்கிள்கூட ஒதுங்க முடியாத ஒரு தெரு. தெருப் பெயர் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் நிஜமாகவே நிற்கிறது அந்த மர்மச் சதுரம். ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் தலையில் சிலுவை மாதிரி இரண்டு ரீப்பர் கட்டை. கட்டையின் நாலு முனையையும் சுற்றிச் சுற்றி சிவப்பு ஒயர். பார்த்தால் காத்தாடி விடுகிற பையன்களின் மாஞ்சாக் கட்டையைப் பூதம் பிடித்துப் பெரிசாக்கினது மாதிரி இருக்கிறது.

கதவைத் திறந்தவர் ஒரு பெரியவர் (வயது 67). ஒரு தனியார் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"பேப்பர்லேர்ந்தா? வாங்க தம்பி, உக்காருங்க. எல்லாத்தையும் காட்டுறேன். ஆனா பேர் மட்டும் போடாதீங்க."

"ஏன் சார், பயமா?"

"பயம் என்ன பயம்! பேரைப் போட்டீங்கன்னா நாளைலேர்ந்து இந்தத் தெருவுல எந்த வீட்டு டி.வி. ரிப்பேர் ஆனாலும் என் தலையிலதான் விடியும்."

காபி சாப்பிட்டுப் போன போலீஸ்

போலீஸ் வந்தது உண்மைதான். யாரோ கொடுத்த தகவலின் பேரில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். பெரியவர் பீரோவிலிருந்து மத்திய அரசு கொடுத்த அமெச்சூர் ரேடியோ லைசென்ஸை எடுத்துக் காட்டினார். 'இந்தக் கம்பி அனுப்புமா, கேட்குமா?' என்று அவர்கள் கேட்க, 'கேட்க மட்டும்தான்' என்று இவர் சொல்ல, காபி வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் சம்பவம்.

அமெச்சூர் ரேடியோவை 'ஹாம்' என்றும் சொல்வார்கள். பரீட்சை எழுதி பாஸ் செய்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு. காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் 'வி.யு.' என்று ஆரம்பிக்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவருடைய குறி வி.யு.2 ஆர்.ஜி. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, அந்தமானில் போன் எல்லாம் செத்துக் கிடக்க, போர்ட் பிளேருக்குப் போயிருந்த ஹாம்கள்தான் வயர்லெஸ்ஸில் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அது சரி, ஊரில் இருக்கிற ஹாம்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து நீளமாகக் கம்பி கட்டுகிறார்கள். இவர் மட்டும் ஏன் சதுரம் சுற்றுகிறார்?

அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பத்து எல்.ஐ.சி. கட்டடம் வேண்டும்!

"நான் கேக்கறது 136 கிலோ ஹெர்ட்ஸ் தம்பி. ரேடியோவுல மீடியம் வேவ் இருக்கு பாருங்க, அது 530-ல ஆரம்பிக்கும். அதுக்கும் ரொம்பக் கீழ. அந்த அலை ஒண்ணோட நீளம் எவ்வளவு தெரியுமா? 2,200 மீட்டர். ரெண்டே கால் கிலோ மீட்டர்னு வெச்சுக்கங்க."

அதாவது ஒழுங்காக அந்த அலைக்கு ஏற்ற கம்பம் நட வேண்டுமானால், அலை நீளத்தில் கால் பங்கு, 550 மீட்டர் உயரம் வேண்டும். நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி, மீட்டரில் 54. அந்த மாதிரிப் பத்து கட்டடத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்தான் சரிவரும். பெரியவர் வீடோ மூன்று மாடி.

பிளஸ் டூ பிசிக்ஸில் நான் 43 மார்க். ஆனாலும் இது புரிந்தது.

இந்தத் தாழ்ந்த அலைவரிசையில் ஹாம்களுக்கு இடம் கிடைத்ததே சமீபத்தில்தான். இங்கிலாந்தில் 1996-ல் 73 கிலோ ஹெர்ட்ஸில் பரிசோதனை செய்ய அனுமதித்தார்கள். 1998-ல் 136 கிடைத்தது. 2007-ல் நடந்த உலக ரேடியோ மாநாட்டில் 135.7 முதல் 137.8 வரை உலகத்துக்கே ஹாம் பட்டையாக ஒதுக்கினார்கள். 2012 மாநாட்டில் 472 முதல் 479 வரை இன்னொரு துண்டு கிடைத்தது. அமெரிக்காக்காரன் தன் ஆட்களுக்கு இந்த இரண்டையும் திறந்துவிட்டது 2017-ல்.

136-ல் ஒரு நிபந்தனை. ஆன்டெனாவிலிருந்து காற்றில் கிளம்புகிற சக்தி 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒரே ஒரு வாட்! பூஜை அறையில் எரியுமே பழைய ஜீரோ வாட் பல்பு, அதுவே இதைவிட அதிகம் தின்னும்.

இந்த ஒரு வாட்டை வைத்துக்கொண்டு 2001 ஆரம்பத்தில் இங்கிலாந்தில் ஒருவரும் கனடாவில் ஒருவரும் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிப் பேசியிருக்கிறார்கள். பேசினார்கள் என்றால் வாயால் இல்லை. மோர்ஸ். அதுவும் ஆமை வேக மோர்ஸ். சாதாரணமாக ஒரு புள்ளி கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகாது. இவர்கள் ஒரு புள்ளியையே முப்பது விநாடி, அறுபது விநாடி என்று இழுப்பார்கள். காதால் கேட்க முடியாது. கம்ப்யூட்டர் திரையில் மெல்ல மெல்லக் கோடாக விழும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும்.

"இதுல என்ன சார் சுகம்?" என்று கேட்டுவிட்டேன்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தூண்டில் போட்டு ஏரிக்கரையில ராத்திரி பூரா உக்காந்திருக்கானே, அவனைக் கேளுங்க" என்றார்.

இலங்கை வானொலி ரகசியம்

இப்போது வளையத்துக்கு வருவோம். அம்பது வயசைத் தாண்டின வாசகர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டு கேட்க டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் வைத்தால் கணீர் என்று பாடும். அப்படியே கால் வட்டம் திருப்பினால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி அமுங்கிப் போகும். ஏன்? டிரான்சிஸ்டருக்குள்ளே கரிக்கட்டி மாதிரி ஒரு பெரைட் குச்சி, அதன் மேல் கம்பிச் சுருள். அதுவும் ஒரு வளைய ஆன்டெனாதான். இவர் மாடியில் நிற்பது அதற்குப் பெரியண்ணன்.

செய்முறை கேட்டேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். அதில் இருபது சுற்று. ஒரு சுற்றுக்கு நாலு மீட்டர், ஆக 80 மீட்டர். கடையில் வீட்டு ஒயரிங் ஒயர் 90 மீட்டர் காயிலாக வருகிறது. ஒரு காயில் வாங்கினார், பத்து மீட்டர் மிச்சம். சுருளின் இரண்டு முனையையும் பழைய வால்வு ரேடியோவில் கழற்றின கேங் கண்டென்சரில் கோத்தார். இரண்டு கேங்கையும் சேர்த்தால் ஆயிரம் பிகோ பாரட். இருநூற்றுச் சொச்சத்துக்கு ஒரு சின்னக் கண்டென்சரையும் பக்கத்தில் போட்டதும் 136-ல் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த கேங் மூர் மார்க்கெட்டில் வாங்கினதாம். மூர் மார்க்கெட் எரிந்தது 1985-ல். அதற்கு முன்னால் வாங்கின சாமான் இன்றைக்கு உதவுகிறது!

"சின்னச் சதுரம்தானே, சத்தம் கம்மியா வராதா?"

"வரும். வந்தா என்ன? இந்த அலைவரிசையில சிக்னலும் இரைச்சலும் சேர்ந்து வருது. பெரிய கம்பி கட்டினா ரெண்டும் பெருசாகும். சின்ன வளையத்துல ரெண்டும் சின்னதாகும். விகிதம் மாறாது. ஆம்ப்ளிபையர் போட்டுப் பெருசாக்கிக்கலாம். ஆனா வளையத்துக்கு ஒரு வித்தை உண்டு. அது எந்தப் பக்கம் நல்லா கேக்கும்ங்கறது முக்கியமில்லை தம்பி. எந்தப் பக்கம் கேக்காதுங்கறதுதான் முக்கியம்."

இதைக் கையோடு செய்து காட்டினார். வளையத்திலிருந்து வந்த ஒயரை மடியில் வைக்கிற கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் மாட்டினார். ரேடியோவே கிடையாது. திரையில் 18.2 கிலோ ஹெர்ட்ஸ் இருக்கிற இடத்தில் தடியாக ஒரு கோடு.

"இது நம்ம நெல்லைச் சீமை. விஜயநாராயணத்துல ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கே, கடற்படை ஸ்டேஷன். நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்பறது."

1990 அக்டோபரில் ஆரம்பித்த ஸ்டேஷன் அது. இவ்வளவு தாழ்ந்த அலைதான் கடல் தண்ணீருக்குள் கொஞ்ச ஆழம் இறங்கும். மற்றதெல்லாம் மேலேயே செத்துவிடும். என்ன அனுப்புகிறார்கள் என்பது சங்கேதம். பெரியவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். கோடு இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. கொல்கத்தாவில் இருக்கிற விண்வெளி இயற்பியல் மையத்து விஞ்ஞானிகள்கூட 2009 ஜூலை 22 முழு சூரிய கிரகணத்தன்று, வானத்தின் மேல் அடுக்கில் என்ன மாறுகிறது என்று அறிய இதே ஸ்டேஷனின் அலையைத்தான் பிடித்துப் பார்த்தார்கள்.

வளையத்தை மெல்லத் திருப்பினார். விளிம்பு தெற்கே கொஞ்சம் மேற்காக, நெல்லைப் பக்கம் பார்த்தபோது கோடு தடியாக நின்றது. கால் வட்டம் திருப்பி, வளையத்தின் முகம் நெல்லையைப் பார்த்ததும்... கோடு காணோம்! கிட்டத்தட்ட அறுநூறு கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிற ராட்சத ஸ்டேஷனை ரீப்பர் கட்டையை ஒரு திருப்புத் திருப்பி வாயை மூட வைத்துவிட்டார். விரல் அகலம் இப்படி அப்படி நகர்த்தினால் மறுபடி வந்துவிடுகிறது. கேட்கிற பக்கம் அகலமாக இருக்கும், கேளாத பக்கம் கத்தி முனை மாதிரி இருக்குமாம்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "சார், அப்ப இதை வெச்சு ஆளைப் பிடிக்கலாமே?"

சிரித்தார். "பிடிச்சிருக்காங்களே! ரெண்டாவது உலக யுத்தத்துல ஜெர்மன்காரன் வேன்ல வளையத்தை வெச்சுக்கிட்டு, திருட்டுத்தனமா வயர்லெஸ் அனுப்பற ஒற்றர்களைத் தெருத் தெருவாத் தேடினான். இது அதே வித்தைதான். நானும் இப்ப ஒருத்தனைத் தேடிக்கிட்டிருக்கேன்."

யாரை?

கரண்ட் போனால் குஷி

சொல்வதற்கு முன்னால் அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதல் வளையத்தைத் தண்ணீர் டேங்கின் இரும்பு ஸ்டாண்டில் கட்டியிருக்கிறார். கேளாத பக்கமே கிடைக்கவில்லை. இரும்பு கெடுத்துவிட்டது. இரண்டாவதைத் தரையோடு தரையாக வைத்தார். தளத்துக்குள் இருக்கிற கான்கிரீட் கம்பி இழுத்தது. மூன்றாவதைப் பிளாஸ்டிக் குழாயில் ஆள் உயரம் தூக்கினார். பரவாயில்லை. ஆனாலும் இரைச்சல் குறையவில்லை. பார்த்தால், வளையத்திலிருந்து கீழே வருகிற ஒயரே ஆன்டெனாவாகி வீட்டுக் குப்பையை எல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறது! அதனால் இப்போது ஒயரைச் சுருளில் நேராகக் கொடுக்கவில்லை. பெரிய சதுரத்துக்குள் தொடாமல் ஒரே ஒரு சுற்று. அதிலிருந்துதான் ஒயர் கிளம்புகிறது. வழியில் நாலைந்து பெரைட் வளையம் வேறு கோத்திருக்கிறார். இத்தனைக்கும் ஏழெட்டு மாசம் ஆகியிருக்கிறது. வீட்டம்மா திட்டாத நாளில்லை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்கிறீர்கள்? நம் வீட்டிலிருந்துதான். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், டி.வி., இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்குள்ளும் கரண்டை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி ஒட்டுகிற சர்க்யூட் இருக்கிறது. அது வெட்டுகிற வேகமும் இவர் கேட்கிற அலைவரிசையும் கிட்டத்தட்ட ஒன்று. மலிவு சாமானில் வடிகட்டி கிடையாது. ஆக ஒரு தெருவில் இருநூறு பல்பு எரிந்தால் இருநூறு பேர் இவர் காதில் கத்துகிற மாதிரி.

"கரண்ட் போச்சுன்னா தெருவே திட்டும். நான் மட்டும் மாடிக்கு ஓடுவேன்" என்றார். பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட் நிறுத்தம் என்று பேப்பரில் வருகிறதே, அந்த அறிவிப்பை நறுக்கி வைத்துக்கொள்கிற ஒரே மனிதர் சென்னையில் இவராகத்தான் இருக்கும்.

"அனுப்பறது பத்தி யோசிக்கலையா சார்?"

"இந்தச் சதுரத்துலயா? நூறு வாட் கொடுத்தா நூறும் ஒயர்ல சூடாப் போயிடும். காத்துல ஒரு சொட்டுகூடக் கிளம்பாது. அமெரிக்காவுல காட்டுக்குள்ள வீடு இருக்கறவன் மரத்துக்கு மரம் பெரிய வளையமாக் கட்டி அனுப்பறான். அப்படிக் கட்டினா கண்டென்சர்ல ஆயிரக்கணக்கான வோல்ட் நிக்கும். பேரப் பசங்க வந்து போற மொட்டை மாடியில அதெல்லாம் வேணாம் தம்பி."

காலை நாலு மணி மர்மம்

அவர் தேடிய ஆசாமி வேறு ரகம். மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலை நாலு மணி ஆனால் திரை முழுக்க வெள்ளை அடித்தது மாதிரி ஆகிவிடுகிறது. காதுக்கு 'கர்ர்ர்' என்று ஒரே சீராக ஓர் இரைச்சல். ஏழு மணிக்கு நின்றுவிடும். சாயங்காலம் இரண்டு மணி நேரம். இடி மின்னல் இல்லாத இந்தக் குளிர்கால ராத்திரிகள்தான் தாழ்ந்த அலைக்குச் சீசன். அதில் நல்ல நேரத்தை ஒருத்தன் கொள்ளையடித்துக்கொண்டு போகிறான்.

"பல்பு இரைச்சல் வேற மாதிரி. புகை மாதிரி அலையும். இது அப்படியில்லை. விநாடிக்கு நூறு தடவை, கணக்கா அடிக்குது. நம்ம கரண்ட் அம்பது சைக்கிள். ஒரு சைக்கிள்ல ஏறும்போது ஒரு பொறி, இறங்கும்போது ஒரு பொறி. எங்கேயோ ஸ்பார்க் ஆகுது தம்பி."

எலக்ட்ரீஷியன் மூளை! அன்று ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை.

முதல் சந்தேகம் கோயில் மைக் செட் மீது விழுந்திருக்கிறது. மார்கழியில் அதுவும் நாலு மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது. போய்க் கேட்டு ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னாராம். குருக்கள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நிறுத்தினார். இரைச்சல் நிற்கவில்லை. மைக் செட் நிரபராதி!

பிறகு வளையம். முகத்தைத் திருப்பித் திருப்பி, இரைச்சல் சாகிற இடத்தைப் பிடித்தார். அந்தத் திசையில் தெரு வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். ஆனால் வளையத்துக்கு ஒரு குறை. முன்பக்கமா, பின்பக்கமா என்று சொல்லாது. கோட்டின் இந்த முனையில் ஒரு டெய்லர் கடை, அந்த முனையில் ஒரு செல்போன் கடை. எவன் திருடன்? ஆகவே சின்ன வளையம் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கிற சிநேகிதர் வீட்டு மாடிக்குப் போய் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடம் ஒரு கரண்ட் கம்பம்.

"கம்பம்தான்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் யோசிச்சேன். பொறி எங்கே கிளம்பினாலும் ஒயர் வழியா ஓடி வரும். அந்த ஒயரே ஆன்டெனாவா நின்னு கத்தும். கம்பத்துலேர்ந்து எட்டு வீட்டுக்கு ஒயர் போகுது. கம்பம் வெறும் வாய். வயிறு எங்கேயோ இருக்கு."

இனிமேல் வளையம் உதவாது. கிட்டே போகப் போகக் கண்ட கண்ட ஒயர் எல்லாம் குழப்பும். காலை நாலே காலுக்கு, டிரான்சிஸ்டரை 530-க்குக் கீழே ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, இருவரும் தெருவில் இறங்கினோம். நாய் இரண்டு பின்னாலேயே வந்து குரைத்தது. பால் போடுகிற பையன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மீட்டர் பக்கம் டிரான்சிஸ்டரை நீட்டுவது, கேட்பது, அடுத்த வீடு. நிஜமாகவே திருடர்கள் மாதிரிதான் இருந்தோம். ஐந்தாவது வீட்டில் இரைச்சல் எகிறியது. ஆறாவது வீட்டில் டிரான்சிஸ்டர் அலறியே விட்டது.

தகரக் கூரை போட்ட வீடு. முன்னால் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிற தொழில். உள்ளே பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாவு தள்ளிக்கொண்டிருந்த பெண் (வயது 40 இருக்கும்) எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஏம்மா, கிரைண்டரை ஒரு நிமிஷம் நிறுத்தும்மா."

நிறுத்தினாள். டிரான்சிஸ்டர் 'கப்'பென்று அடங்கியது. போட்டாள். 'கர்ர்ர்'.

"மோட்டார்தான் திருடன்!" என்றேன் நான், பெரிய துப்பறியும் சாம்பு மாதிரி.

பெரியவர் தலையை ஆட்டினார். "கிரைண்டர் மோட்டார்ல கார்பன் பிரஷ் கிடையாது தம்பி. மிக்சியிலதான் உண்டு. மோட்டார்ல பொறி வர வழியில்லை. மோட்டாருக்குக் கரண்ட் போற வழியில இருக்கு." என்று சொல்லிக்கொண்டே சுவரில் இருந்த பலகைப் பக்கம் போய்ப் புறங்கையைக் கிட்டே கொண்டுபோனார். முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்குதா?"

"ஆமாண்ணே, ஒரு மாசமா அப்படித்தான். கரண்டு கம்மியா வருதுன்னு நெனச்சோம்."

மெயினை ஆப் செய்துவிட்டு, பியூஸ் கேரியரை உருவினார். டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு திருகு தளர்ந்து ஒயர் ஆடிக்கொண்டிருக்கிறது. நாக்குத் தகடு கரி. ஒயர் மேல் தோல் உருகி வழிந்திருக்கிறது. பின்னால் இருக்கிற மரப்பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப் போயிருக்கிறது. அந்தப் பலகையில்தான் தினசரி காலண்டர் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே பாய் விரித்து அவளுடைய இரண்டு பிள்ளைகளும் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தீ விபத்துச் செய்தி எத்தனை எழுதியிருப்பேன்! 'மின் கசிவே காரணம் என்று கூறப்படுகிறது' என்று கடைசி வரியில் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

"பியூஸ் போகாதா சார்?"

"எதுக்குப் போகும்? கரண்ட் அதிகமா இழுத்தாத்தானே பியூஸ் போகும். இங்கே கிரைண்டர் வழக்கமா இழுக்கறதைத்தான் இழுக்குது. ஜாயின்ட்டு மட்டும் உள்ளுக்குள்ளயே பொறி விட்டுச் சூடாகிட்டே இருக்கும். இப்ப வர்ற சாதாரண டிரிப்பரும் இதைக் கண்டுக்காது."

அன்று காலை அரைக்க வேண்டிய மாவு பாதியில் நின்றது. அந்தப் பெண்ணுக்கு அதுதான் கவலை. பத்து மணிக்கு லைசென்ஸ் எலக்ட்ரீஷியன் வந்து பலகையை மாற்றி, புது ஸ்விட்ச், புது ஒயர் போட்டார். சாயங்காலம் கிரைண்டர் ஓடியது. டிரான்சிஸ்டரைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம். சத்தமே இல்லை.

தெருப் பெயரை ஏன் போடவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். அந்தம்மா மாவு வியாபாரம் நடக்க வேண்டாமா?

ஒரு கோடு, இரண்டு புள்ளி

இரண்டு நாள் கழித்து ராத்திரி போன் செய்தார். "வர்றீங்களா தம்பி? இன்னிக்கு வானம் சுத்தமா இருக்கு."

போனேன். மாடியில் பனி. கம்ப்யூட்டரை பாட்டரியில் போட்டு, கீழே வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு வந்திருந்தார். வீட்டம்மா டார்ச் வைத்துக்கொண்டு தோசை வார்த்தார்கள். முன்பு வெள்ளையடித்த மாதிரி இருந்த திரை இப்போது கறுப்பாக, அங்கங்கே மின்னல் தெறிப்பு மட்டும் வைத்த புள்ளி மாதிரி இருந்தது.

ஒன்று. ஒன்றரை. கண் சொக்கியது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் தோளை அழுத்தினார்.

136-க்குக் கிட்டே நூலிழை மாதிரி ஒரு கீற்று. வளர்ந்தது. ஒன்றரை நிமிடம் வளர்ந்து நின்றது. இடைவெளி. அரை நிமிடத்துக்கு ஒரு சின்னக் கீற்று. இடைவெளி. மறுபடி ஒரு சின்னக் கீற்று. ஒரு கோடு, இரண்டு புள்ளி. மூன்றரை நிமிடத்தில் ஓர் எழுத்து.

"டி" என்றார். குரல் எழும்பவில்லை.

"டி-ன்னா எந்த ஊர் சார்?"

"ஜெர்மனியா இருக்கலாம். பிலிப்பைன்சும் டி-யிலதான் ஆரம்பிக்கும். ரெண்டாவது எழுத்து வந்தாத்தான் தெரியும்."

வடமேற்கா, கிழக்கா? வளையத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும். ஆனால் திருப்பும்போது கீற்று செத்துவிட்டால்? கை குழாயில், கண் திரையில். அஞ்சு நிமிடம். பத்து நிமிடம். ஒன்றும் விழவில்லை. இரண்டரைக்கு எதிர் வரிசையில் எவனோ சார்ஜரைச் செருகியிருப்பான் போலிருக்கிறது. திரையில் புகை மாதிரி ஒரு பட்டை நெளிந்து வந்து அந்த இடத்தை மூடிவிட்டது.

"அது ஜெர்மனின்னே எழுதிக்கங்களேன் சார்" என்றேன். ஏழெட்டு மாசம் பாடுபட்டவராச்சே!

"ஒரு எழுத்து வந்தா ஸ்டேஷன் வந்ததா ஆகாது தம்பி. அது நிஜ மோர்ஸா, எவன் வீட்டு ப்ரிட்ஜோ, யார் கண்டா?"

நோட்டை எடுத்தார். தேதி, நேரம், 136, ஒரு கோடு, இரண்டு புள்ளி. 'ஸ்டேஷன்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். நாலே காலுக்கு ஆறாவது வீட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. திரையில் ஒரு சலனமும் இல்லை. பெரியவர் எழுந்துபோய் வளையத்தின் முகத்தை அந்தச் சார்ஜர் பக்கம் திருப்பினார். பட்டை மெல்லிசாகிக் கரைந்தது. மறுபடி வந்து உட்கார்ந்தார்.

நான் கிளம்பும்போது கேட்டில் இரண்டு பாக்கெட் இட்லி மாவு தொங்கிக்கொண்டிருந்தது.